களைத்தது காலா, மூச்சா?

போன சீசனில் சிவனொளிபாதமலைக்கு நல்லத்தண்ணிப் பக்கமாக ஏறினோம். நான், சித்தி, கொழும்பில் கடையில் வேலை பார்க்கும் மச்சான், மூன்று பேர். மச்சான் பந்து விளையாடுகிறவன், தொடை இரண்டும் சவுக்குக் கட்டை மாதிரி இருக்கும். இராத்திரி 11.30-க்கு ஏறத் தொடங்கினோம், கீழ்ப்படிகளை இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டு எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனான். உச்சிக்கு முன்னால் வரும் செங்குத்துப் படியில் கைப்பிடிக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். "காலு வரமாட்டேங்குது" என்றான். தேத்தண்ணிக் கடை வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன். கால் நடுங்கவில்லை, தொடை பிடித்துக்கொள்ளவும் இல்லை. தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி ஏறி இறங்கியது, கழுத்தின் இரு பக்கமும் கயிறு முறுக்கியது போலத் தசை புடைத்திருந்தது, வாயைத் திறந்தால் ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. கால் வரவில்லை என்று அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தக் களைப்பு காலில் ஆரம்பித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மூச்சு வாங்குவதை நாம் நுரையீரலின் கணக்கில் எழுதிவிடுகிறோம். நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது, அது பஞ்சு மாதிரி ஒரு பொருள். விரிக்கிற வேலை முழுக்கத் தசைகளுடையது. அவற்றில் பெரிய ஆள் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிறது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் அதைப் பிரிமென்றகடு என்று மனப்பாடம் பண்ணினோம், சொல்லி முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கிவிடும், அதனால் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் இருக்கும் உதரவிதானம் என்ற பெயரையே இங்கே வைத்துக்கொள்கிறேன். கவிழ்த்துவைத்த கூடை போன்ற வடிவம். அது சுருங்கும்போது கூடையின் முதுகு கீழே இறங்கும், நெஞ்சுக்குள் இடம் கூடும், காற்று உள்ளே வரும். விலா எலும்புகளுக்கு இடையில் இருக்கும் தசைகளும் கூடவே கை கொடுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சை வெளியே விடுவதற்குச் செலவே இல்லை, இழுத்த றப்பர் திரும்புவது போலத் தானாகவே நடந்துவிடும். ஏற்றத்தில் அந்தச் சலுகையும் கிடையாது, வயிற்றுத் தசைகள் அமுக்கி வெளியே தள்ளவேண்டும். அதுவும் போதவில்லை என்றால்தான் கழுத்துத் தசைகள் வேலைக்கு இறங்கும். மச்சானின் கழுத்தில் நான் பார்த்த கயிறு அதுதான்.

உதரவிதானம் இதயத்தைப் போல ஒரு தனிச் சாதி இல்லை. கை கால் தசைகளின் இனம்தான், மூளை நரம்பு வழியாகச் சொன்னால்தான் சுருங்கும், அதனால்தான் நம்மால் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்க முடிகிறது. ஆனால் பிறந்த நிமிடத்திலிருந்து அதற்குப் போயாவுக்கும் லீவு இல்லை, தீபாவளிக்கும் லீவு இல்லை. அதற்கேற்ற மாதிரி அதன் இழைகளில் பாதிக்கு மேல் மெதுவாக வேலை செய்து நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் வகை, இரத்தக் குழாய்களும் தாராளம். இவ்வளவு வசதி இருப்பதால் ஆரோக்கியமான ஒருவருக்கு இந்தத் தசை களைக்கவே களைக்காது என்றுதான் உடலியல்காரர்கள் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர்களில் முக்கியமானவர்கள் ரூசோஸ், மாக்லெம் என்ற இருவர். 1977-இல் அவர்கள் ஆரோக்கியமான ஆட்களை அடைப்புள்ள குழாய் வழியாக மூச்சு இழுக்கவைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் உதரவிதானம் தன் முழுப் பலத்தில் 40 வீதம் வரைக்கும் செலவழித்தால் எவ்வளவு நேரமானாலும் ஓட்டிவிடலாம், அதைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் முடியாமல் போய்விடுகிறது என்று தெரிந்தது. 1982-இல் பெல்மார், கிராசினோ என்ற இன்னும் இருவர் இதில் நேரத்தையும் சேர்த்தார்கள். எவ்வளவு பலமாக இழுக்கிறாய் என்பது ஒரு பாதி, ஒரு மூச்சின் மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு இழுத்துக்கொண்டே இருக்கிறாய் என்பது மறு பாதி. இரண்டையும் பெருக்கினால் வரும் எண் 0.15-ஐத் தாண்டினால் தசை களைக்கத் தொடங்கும். பலத்தில் 40 வீதம், நேரத்தில் 40 வீதம் என்றால் 0.16, கோட்டைத் தாண்டியாயிற்று. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவருக்கு இந்த எண் 0.02 பக்கத்தில்தான் இருக்கும்.

இந்தப் பெருக்கலில் எனக்குப் பிடித்த விஷயம், ஓய்வுக்கும் அதில் ஒரு இடம் இருக்கிறது. தசை சுருங்கியிருக்கும்போது அதற்குள் போகும் இரத்தக் குழாய்கள் நசுங்கும், தளரும்போதுதான் இரத்தம் தாராளமாக உள்ளே வரும். மூச்சு அவசரமாகும்போது வெட்டுப்படுவது பெரும்பாலும் இந்தத் தளரும் நேரம்தான். கொஞ்சம் பலம் கூடுகிறது, கொஞ்சம் நேரம் கூடுகிறது, இரண்டும் பெருகி எண் எங்கேயோ போய்விடுகிறது.

சரி, இதெல்லாம் குழாயைக் கடித்துக்கொண்டு செய்த சோதனை. ஓடுகிறவனுக்கும் மலை ஏறுகிறவனுக்கும் இது நடக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் பத்துப் பதினைந்து வருடம் ஆனது. ஏன் என்றால், ஓடி முடித்த ஆளிடம் "பலமாக இழு" என்று சொன்னால் அவர் இழுக்கமாட்டார், தசை களைத்ததா ஆள் அலுத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1993-இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் டெம்ப்ஸியின் குழு ஆளைக் கேட்காமல் தசையையே கேட்டது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்புகள் கழுத்து வழியாகத்தான் இறங்குகின்றன. அந்த இடத்தில் நரம்பை வெளியிலிருந்து தூண்டினால் ஆள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தசை சுருங்கும், அந்தச் சுருக்கத்தின் பலத்தை அளந்துவிடலாம். உடம்பு எடுக்கக்கூடிய உச்ச ஒட்சிசன் அளவில் 85 வீதத்துக்கு மேல் போய்த் தாங்க முடியாத வரைக்கும் ஓடியவர்களுக்கு அந்தப் பலம் கணிசமாக இறங்கியிருந்தது, பழைய நிலைக்குத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அதற்கு முன்பே 1982-இல் மரதன் ஓடி முடித்தவர்களின் மூச்சுத் தசைப் பலம் குறைந்திருந்ததை வேறொரு குழு வாயில் குழாய் வைத்து அளந்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓடும்போது எவ்வளவு மூச்சு இழுத்தாரோ அதே அளவை, ஓடாமல், உட்கார்ந்த இடத்திலேயே வேண்டுமென்று இழுக்கச் சொன்னால் உதரவிதானம் அப்படிக் களைப்பதில்லை. அப்படியென்றால் வேலை மட்டும் காரணமில்லை, கால்களும் அதே நேரத்தில் இரத்தம் கேட்டுக்கொண்டிருப்பது சேர்ந்துதான் காரணம். சும்மா இருக்கும்போது மூச்சுத் தசைகள் உடம்பின் ஒட்சிசனில் ஒன்றிரண்டு வீதம்தான் எடுக்கும், நிமிடத்துக்கு ஆறேழு லீட்டர் காற்றோடு வேலை முடிந்துவிடும். உயிரைக் கொடுத்து ஓடும்போது காற்று 100 லீட்டரைத் தாண்டும், மூச்சுத் தசைகளின் பங்கு 10 வீதமாகும், நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கு 15 வரைக்கும் போகும். இதயம் அனுப்புகிற இரத்தத்திலும் கிட்டத்தட்ட அதே பங்கை அவை வாங்கிக்கொள்கின்றன.

1997-இல் அதே விஸ்கொன்சின் குழு இதைத் தலைகீழாகவும் செய்து பார்த்தது. சைக்கிள் ஓட்டுகிறவரின் வாயில் ஒரு இயந்திரத்தை மாட்டி, மூச்சு இழுக்கும் வேலையில் பெரும்பகுதியை அதன் தலையில் கட்டினார்கள். காலுக்குப் போகும் இரத்தம் கூடியது. பிறகு குழாயில் அடைப்பு வைத்து மூச்சைக் கடினமாக்கினார்கள். காலுக்குப் போகும் இரத்தம் குறைந்தது. காலில் யாரும் கை வைக்கவில்லை, மிதிக்கும் வேகமும் அதேதான்.

தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். மேலே ஊற்றிலிருந்து ஒரே பைப் லைன் வருகிறது, கீழ் லயத்து வரிசை வீடுகளில் நாலு பைப்பைத் திறந்துவிட்டால் மேல் லயத்துப் பைப்பில் வெறும் காற்றுச் சத்தம்தான் வரும். உடம்பில் நடப்பது இதைவிடக் கொஞ்சம் தந்திரமானது. களைக்கத் தொடங்கிய உதரவிதானத்தில் கழிவுப் பொருட்கள் சேரும்போது அங்கிருந்து நரம்பு வழியாக ஒரு முறைப்பாடு மூளைக்குப் போகிறது, மூளை கை கால்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஓடாவிட்டாலும் உயிர் இருக்கும், மூச்சு நின்றால் இருக்காது, அந்த ஒரு கணக்கில் எந்தப் பைப்பை மூடுவது என்று முடிவாகிறது. அப்புறம் மச்சான் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைக் குற்றம் சொல்கிறான்.

எல்லா மூச்சிரைப்பும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மெதுவாக ஏறுகிறவருக்கு உதரவிதானம் களைப்பதில்லை, பழக்கமில்லாத ஆளுக்கு மூச்சு வாங்கினாலும் பெரும்பாலும் அது பலவீனமான காலும் இதயமும் செய்கிற வேலைதான். ஆனால் மலைநாட்டில் ஒரு உபரிச் சங்கடம் உண்டு. சிவனொளிபாதமலை உச்சி 2,243 மீற்றர். கொழும்பில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனோடு ஒப்பிட்டால் அங்கே கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு, நுவரெலியா நகரத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குறைவதை ஈடுகட்ட மூச்சு கூடவேண்டும், மூச்சு கூடினால் தசைக்கு வேலை கூடும், அதே நேரத்தில் அந்தத் தசைக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் குறைச்சல். ஒட்சிசன் குறைந்த காற்றில் உதரவிதானம் சீக்கிரமே களைக்கிறது என்பதைச் சோதனைச்சாலையிலும் பார்த்திருக்கிறார்கள். இழுப்பு உள்ளவர்களுக்கு இராத்திரிக் குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும், குழாய் சுருங்கினால் மீண்டும் தசைக்குத்தான் சுமை.

சித்தி ஏறிய விதத்தைச் சொல்லவேண்டும். அவர் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். பத்துப் பன்னிரண்டு படி, ஒரு நிறுத்தம், உதட்டைக் குவித்து ஊதுவது போல ஒரு மூச்சு, மறுபடியும் பத்துப் படி. வழியெல்லாம் பேச்சு வேறு, யார் வீட்டுக் கலியாணம், யார் கடன் வாங்கினது என்று. அதைக் கேட்டுக்கொண்டே ஏறும்போது எனக்கு அந்தப் பெருக்கல் கணக்குத்தான் ஞாபகம் வந்தது. அவர் பலத்தையும் நேரத்தையும் கோட்டுக்குக் கீழேயே வைத்திருந்தார்.

அதற்காகக் கொழுந்து மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இரும்பு மூச்சு என்று சொல்லித் தட்டிக்கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. சுமை மூச்சுக்கு எதிரி. முதுகில் 25 கிலோப் பையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தவர்களுக்கு மூச்சுத் தசைப் பலம் குறைந்ததை அளந்திருக்கிறார்கள், அதுவும் சமதளத்தில். நெஞ்சையும் தோளையும் அமுக்குகிற எந்தப் பட்டியும் விலா விரிவதைத் தடுக்கும். இங்கே 16 லீட்டர் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறுகிறார்கள், உர மூட்டை தூக்குகிறார்கள். கொழுந்துக் கூடையின் கயிறோ தலையில் மாட்டுவது. தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், 18 கிலோ, 20 கிலோ என்று நாள் கணக்கு, அதை மட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுக்கும் வரைக்கும் சுமக்கவேண்டும், மழை நாளில் ஈரத்தோடு. தலையில் தொங்கும் பாரத்தைத் தாங்கிப் பிடிப்பது கழுத்துத் தசை, மூச்சு போதாதபோது விலாவைத் தூக்கிவிட வரவேண்டியதும் அதே கழுத்துத் தசை. ஒரே ஆளுக்கு இரண்டு பெரட்டு, இரண்டு வேலை. இது என் ஊகம்தான், ஆனால் ஏற்றத்தில் கூடையோடு வருகிற பெண்களின் கழுத்தைப் பார்த்திருக்கிறவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். இதோடு இரத்தச்சோகையும் சேர்ந்தால் தசைக்கு வந்து சேரும் இரத்தத்திலேயே ஒட்சிசன் குறைவு.

அப்புறம் அடுப்புப் புகை. சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கு விறகுப் புகை ஒரு பெரிய காரணம், புகைபோக்கி இல்லாத லயத்துக் காம்பராவில் முப்பது நாற்பது வருடம் ஊதுகுழலோடு உட்கார்ந்தவர்களைக் கேட்டால் தெரியும். இந்த நோயில் காற்று முழுக்க வெளியே போகாது, உள்ளேயே தேங்கும், நெஞ்சு ஊதிப்போய் நிற்கும். கவிழ்த்த கூடையாக இருக்கவேண்டிய உதரவிதானம் சுளகு மாதிரித் தட்டையாகிவிடும். ஏற்கெனவே இழுபட்டு இறங்கி நிற்கிற தசைக்கு மேலும் இறங்க இடம் எங்கே? பலமெல்லாம் போட்டுச் சுருங்கினாலும் காற்று கொஞ்சம்தான் வரும். மச்சானுக்கு மலை உச்சியில் நடந்தது இவர்களுக்குப் பைப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் நடந்துவிடுகிறது.

எங்கள் அப்பாயிக்கு அப்படித்தான் இருந்தது. ஒரு மழைக்கால இராத்திரி இழுப்பு வந்து வாசல்படியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, விசில் மாதிரிச் சத்தத்தோடு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் போனது. பிறகு சத்தம் குறைந்தது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது, கண் சொக்கியது. "அடங்கிருச்சு, தூங்கட்டும்" என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி, பெரியம்மா போர்வையைக் கூடக் கொண்டுவந்து போர்த்திவிட்டார். அந்த நேரம் பார்த்து டிஸ்பென்சரி ஐயா வந்தார். அவர் நெஞ்சில் குழல் வைப்பதற்கு முன்னால் போர்வையை விலக்கி வயிற்றைத்தான் பார்த்தார். மூச்சு இழுக்கும்போது வயிறு முன்னுக்கு வரவேண்டும், அப்பாயிக்கு உள்ளே போனது. "லொறிய எடுங்க" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

எனக்கு அதன் அர்த்தம் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. உதரவிதானம் வேலையை விட்டுவிட்டால் கழுத்தும் விலாவும் மட்டும் இழுக்கும், அந்த இழுப்பில் தளர்ந்துபோன உதரவிதானம் மேலே உறிஞ்சப்படும், அதோடு வயிறும் உள்ளே போகும். சத்தம் குறைந்தது குழாய் திறந்ததால் இல்லை, சத்தம் போடும் அளவுக்குக் காற்று ஓடாததால். தூக்கம் போலத் தெரிந்தது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறுகிற மயக்கம். இழுப்புக்காரர் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுவது ஒரு அடையாளம், திணறியவர் திடீரென்று அமைதியாகிச் சொக்குவது அதைவிட மோசமான அடையாளம், உதடு நீலமானால் கேட்கவே வேண்டாம். கைக்குழந்தைகளுக்குக் களைப்பைத் தாங்கும் இழைகள் இன்னும் குறைவு, விலாவும் மெத்தென்று இருக்கும், மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி குழிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. இப்போது 1990-க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வருகிறது. அப்பாயி காலத்தில் கொழுந்து லொறிதான்.

ஆஸ்பத்திரியில் அவர் முகத்தில் இறுக்கமான ஒரு மாஸ்க்கைக் கட்டி ஒரு இயந்திரத்தோடு பொருத்தினார்கள். அது மூச்சுக்கு மூச்சு காற்றை உள்ளே தள்ளியது. மருந்து குழாயைத் திறக்கும் வரைக்கும் தசைக்கு ஓய்வு கொடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. விஸ்கொன்சினில் சைக்கிள்காரருக்கு மாட்டியதும் கிட்டத்தட்ட இந்த வேலையைத்தான் செய்தது. மூன்றாம் நாள் அப்பாயி மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வெற்றிலை கேட்டார்.

மூச்சுத் தசைக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா என்றால், முடியும். வாயில் வைத்து இழுக்கும் சின்னக் கருவிகள் இருக்கின்றன, உள்ளே ஸ்பிரிங் வைத்த அடைப்பு, காலையில் 30 மூச்சு, மாலையில் 30 மூச்சு, முழுப் பலத்தில் பாதி அளவு, நாலு முதல் ஆறு வாரம். தசைப் பலம் கூடுவது உறுதி, விளையாட்டுக்காரர்களுக்கு நேரத்தில் கொஞ்சம் முன்னேற்றமும் தெரிகிறது, ஆனால் விற்கிறவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. நுரையீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். வட்ஸ்அப்பில் வரும் பலூன் ஊதும் வைத்தியத்துக்கு ஒரு வார்த்தை: பலூன் ஊதினால் வேலை செய்வது வெளியே தள்ளும் வயிற்றுத் தசை, ஏற்றத்தில் களைக்கிற உள்ளிழுக்கும் தசைக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்பதைப் பந்து விளையாட்டு மாஸ்டர்மார் திட்டுவார்கள், நிமிர்ந்து நில், கையைத் தலையில் வை என்பார்கள். அப்பாயி வாசல்படியில் செய்ததும் அந்தக் குனிவுதான். கையை ஊன்றினால் தோள் நிலையாக நிற்கும், அந்தப் பிடிமானத்தில் கழுத்து, நெஞ்சுத் தசைகள் விலாவைத் தூக்க முடியும். ஓடி முடித்தவர்களை இரண்டு விதமாகவும் நிற்கவைத்து 2019-இல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்விலும் குனிந்து நின்றவர்களுக்குத்தான் நெஞ்சுத் துடிப்பு சீக்கிரம் இறங்கியது. ஆகவே அன்றைக்குப் படியில் மச்சானைக் கம்பியை விடச் சொல்லி, கையை முழங்காலில் ஊன்றச் சொன்னேன். சித்தி பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார், பதினைந்து நிமிடம் உட்கார்ந்தோம், பிறகு சித்தியின் பின்னால் அவர் கதையைக் கேட்டுக்கொண்டே ஏறினான், உச்சியில் நல்ல நேரத்துக்கு வெயிலும் வந்தது.

மறுநாள் வீட்டில் பாயை விட்டு எழும்பவில்லை. தொடை பின்னுது என்றான். நெஞ்சு வலிக்கலையா என்று கேட்டேன். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவனுக்குத் தும்மல் வந்தது, விலாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான்.